ஷைலக் என்னும் பெயர்

தவணை தவறிய கடனுக்கு ஈடாக, கடன்பட்டவனின் உடலிலிருந்து ஒரு ராத்தல் சதையை அறுத்தெடுக்க உரிமை கேட்டு நிற்கிறான் ஒரு வட்டிக்காரன். ஷேக்ஸ்பியர் ஏறக்குறைய 1596–97இல் இயற்றிய ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் இக்காட்சியை நேயர்களிற் பலர் அறிவர். ஷைலக் என்பது இன்று ஈவிரக்கமற்ற வட்டிக்காரனுக்கு மறுபெயராகிவிட்டது. நாடகத்தினுள்ளோ, அப்பெயரால் அவனைக் குறிப்பதைவிட ‘யூதன்’ என்று குறிப்பதே மிகுதி.

இடைக்கால ஐரோப்பாவில் கிறிஸ்தவர் வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவமென்று தடுத்தது. யூதர்க்கோ, பல நாடுகளில் நிலவுடைமையும் கைத்தொழிற் சங்கங்களும் மறுக்கப்பட்டன. அவர்க்கு எஞ்சிய வழிகளுள் ஒன்று வட்டித் தொழில். வெனிஸ் அரசு 1516இல் அவர்களைத் தனிப்பகுதியில் ஒதுக்கி, இரவில் அதன் வாயில்களைப் பூட்டிவைத்தது. இங்கிலாந்து 1290இலேயே யூதர்களை வெளியேற்றியிருந்தது. ஆகவே, ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் மக்களில் பெரும்பாலோர் யூதரைக் கதையிலும் மேடையிலுமே கண்டனர்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் இந்நாடகத்தில் உற்று நோக்குவது ஒன்றுண்டு. ‘நீ’, ‘நீர்’ என்ற வேறுபாடு அக்கால ஆங்கிலத்திலும் இருந்தது. 3,000 பொற்காசு கடன் கேட்கும்போது அந்தோனியோ, ஷைலக்கைப் பெயர் சொல்லி ‘நீர்’ என்கிறான். தன்மீது உமிழ்ந்ததையும் நாயென்று ஏசியதையும் ஷைலக் நினைவூட்டியதும், இனியும் அவ்வாறே செய்யக்கூடும் என்று ஏகவசனத்தில் விடையிறுக்கிறான். கடன் கேட்டு வந்தவனின் மறுமொழி இது!

நீதிமன்றத்திலும் அவ்வாறே. சட்ட அறிஞர் வேடத்தில் வரும் போர்ஷியா, முதலில் ‘நீர்’ என்று விளித்தே அவன் பெயரை வினவுகிறாள். பத்திரத்தில் சதை உண்டு, இரத்தம் இல்லை என்று வழக்கைத் திருப்பிய பின், குடிமகனின் உயிரை நாடும் அந்நியனுக்குரிய சட்டம் அவன்மீது பாய்கிறது. வெனிஸில் வாழ்ந்து தொழில் செய்தும் அவன் அந்நியனே! செல்வத்தில் பாதி அந்தோனியோவின் பொறுப்பிற்குச் செல்கிறது. மதம் மாறவும் நிபந்தனை விதிக்கப்படுகிறது. மனநிறைவுதானா என்று இறுதியில் போர்ஷியா கேட்கையில் பெயர் மறைந்து ‘யூதன்’ என்ற விளியும், ‘நீர்’ மறைந்து ‘நீ’யும் நிற்கின்றன.

ஷைலக் குற்றமற்றவன் அல்லன். இருமடங்கு பணத்தையும் மறுத்து, மன்றத்திலேயே கத்தி தீட்டுபவன் அவன். ஆயினும், வட்டிக்காரன்தானே என்று தமிழில் எங்கும் ‘நீ’ என்றே எழுதிவிட்டால், அவனுக்கு நேர்ந்த அவமதிப்பு வாசகர் கண்ணிற் படாது. அவன் கொடுமை மட்டுமே எஞ்சும்.

மேடையும் இருவழியிற் சென்றிருக்கிறது. 1814இல் லண்டனில் எட்மண்ட் கீன், வழக்கமான செம்மயிரை விடுத்துக் கருமயிருடன் தோன்றி, ஷைலக்கை மனிதனாக நடித்துக் காட்டினார். 1943இல் நாஜி ஆட்சியிலிருந்த வியன்னாவில் அதே நாடகம் யூத வெறுப்பைத் தூண்டும் கருவியாயிற்று. ஷைலக்கைப் பழிக்கவும் இரங்கவும் நமக்கு உரிமை உண்டு. முதற்கண் அவன் பெயரால் அவனை அழைப்போமாக.