பழைய எண்ணெயைத் தெளியவைக்கும் சுழற்பொறி

(தோட்டப்புற மக்கள் கூட்டத்தில் பினாங்குத் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

ஜோர்ஜ் டவுன் நகரில் எத்தனை சாப்பாட்டுக் கடைகள் உள்ளன என்பதை நீங்கள் அறிவீர்கள். நாசி கண்டார் கடைகளில் கோழியும் மீனும் பொரிகின்றன. வடையும் பீசாங் கோரெங்கும் தெருவோரத்திலே வேகின்றன. தைப்பூசக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல்களிலே அண்டா அண்டாவாகச் சமையல் நடைபெறுகிறது. நம் தோட்டங்களிலும் திருமணம், திருவிழா என்றால் எண்ணெய்ச் சட்டி ஓய்வதில்லை. இவற்றில் மிஞ்சும் கறுத்த எண்ணெயில் ஒரு பகுதி சாக்கடைக்குப் போகிறது. அங்கே அது குழாயில் படிந்து கட்டியாகி, மழைநீர் செல்லும் வழியை அடைக்கிறது.

இந்த எண்ணெயைத் தெளியவைத்து டீசல் இயந்திரத்துக்கு எரிபொருளாக்கலாம், அதற்கான பொறியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் கைத்திறன் மிக்க இளைஞர்களுக்கு எழுவது இயல்பே. அது இயலுமா, எவ்வாறு இயலும், அதில் மறைந்துள்ள ஆபத்து யாது என்பவற்றையே இன்று உங்கள்முன் விளக்க விரும்புகிறேன்.

இது புதிய எண்ணமன்று

தாவர எண்ணெயால் இயந்திரம் ஓடுவது நேற்றுத் தோன்றிய செய்தியன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடந்த உலகக் கண்காட்சியில், ருடால்ப் டீசல் கண்டுபிடித்த வகை இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டப்பட்டது. நம் நாட்டிலும் 1980ஆம் ஆண்டுகளில், செம்பனை எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாற்றுப் பொருள் செய்யும் ஆராய்ச்சி நடைபெற்று, பேருந்துகளில் அது சோதிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டில் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வெளியிடப்பட்டது. 2019ஆம் ஆண்டு முதல் வாகன டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை டீசல் கலக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். ஆலையில் செய்யப்படும் செம்பனை டீசல், இரசாயன முறையில் மாற்றி இளக்கமாக்கப்பட்டது. நாம் வடிகட்டித் தெளியவைக்கும் எண்ணெய் தூய்மையாகுமேயன்றி டீசலாகிவிடாது. அதன் தடிமன் டீசலைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. இந்த வேறுபாட்டை மறந்தவர் இயந்திரத்தைப் பாழாக்குவார்.

நீங்கள் அறிந்த பொறியே

மையவிலக்குப் பொறி என்னும் சுழற்பொறியின் தத்துவம் பால்மரத் தொழிலாளருக்கு அந்நியமானதன்று. மங்கில் சேரும் பாலில், நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது பங்கே ரப்பர். மற்றது பெரும்பாலும் நீர். அதற்கு அமோனியா சேர்த்துத் தொழிற்சாலையில் வேகமாகச் சுழற்றுகிறார்கள். கனமான நீர்ப்பகுதி வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. இலேசான ரப்பர் நடுவிலே திரள்கிறது. முப்பது பங்கு அறுபது பங்காகிறது. கையுறை செய்வதற்குச் செல்வது அந்தச் செறிந்த பாலே. சுவீடன் நாட்டுக் கஸ்டாப் டி லாவால் 1878ஆம் ஆண்டில் பசும்பாலிலிருந்து ஏட்டைப் பிரிக்க உருவாக்கிய பொறியும் இதே தத்துவத்தைக் கொண்டதுதான்.

பழைய எண்ணெயிலும் நடப்பது அதுவே. எண்ணெய் இலேசானது; நீரும், கருகிய மாவும், உப்பும் கனமானவை. சுழற்றினால் கனமானவை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தெளிந்த எண்ணெய் உட்பக்கம் நிற்கும்.

முதலில் பொறுமை, பிறகு பொறி

செலவில்லாத தெளிவிப்பான் ஒன்று நம்மிடம் முன்பே உண்டு. அதுவே பூமியின் ஈர்ப்பு. எண்ணெயைத் துணியில் வடிகட்டி, மூடிய பீப்பாயில் ஒன்றிரண்டு வாரம் அசைக்காமல் வைத்தால், கசடில் பெரும்பகுதி அடியிலே படிந்துவிடும். மேற்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். அடிக்கசடை எந்நாளும் இயந்திரத்துக்குக் கொடுக்கலாகாது.

எஞ்சிய நுண்ணிய துகளுக்கும் நீர்த்திவலைக்கும்தான் சுழற்பொறி தேவை. பத்துச் சென்டிமீட்டர் ஆரமுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழன்றால், அதன் விளிம்பிலே புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு விசை உண்டாகிறது. ஒருநாள் முழுதும் படிய வேண்டிய துகள், கணக்குப்படி ஒன்றரை நிமிடத்தில் அதே தூரத்தைக் கடந்துவிடும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

பொறியின் அமைப்பு எளிது. விளிம்பு உட்புறமாக மடிந்த உருக்குக் கிண்ணம் ஒன்று மோட்டாரின் அச்சில் பொருத்தப்படும். எண்ணெயை எழுபது பாகை வரை சூடாக்கி இளக்கி, கிண்ணத்தின் நடுவே அடிப்பகுதியில் விழுமாறு மெல்லிய தாரையாக விட வேண்டும். கசடு சுவரில் படிய, தெளிந்த எண்ணெய் மடிந்த விளிம்பைத் தாண்டி வழிந்து, சுற்றியுள்ள வெளிக்கூட்டில் விழுந்து குழாய் வழியே இறங்கும். தாரை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு தெளிவு கிடைக்கும். அவசரப்பட்டு நிறைய ஊற்றினால் கசடும் கூடவே வழிந்துவிடும்.

எண்ணெயைச் சூடாக்கும்போது எச்சரிக்கை தேவை. நீர் கலந்த எண்ணெயை நேரடியாகத் தீயில் வைத்தால் பொங்கித் தெறிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவதே நல்லது. முடிவில் சில துளிகளைச் சூடான சட்டியில் விட்டுப் பாருங்கள். படபடவென வெடித்தால் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள்.

ஆபத்து எங்கே உள்ளது?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். எண்ணெயைத் தெளியவைக்கும் அதே விசை, கிண்ணத்தையும் பிய்த்தெறியப் பார்க்கிறது. மேலே கூறிய கிண்ணத்தின் விளிம்பில் ஒரு பக்கம் பத்துக் கிராம் எடை கூடியிருந்தால், அது சுமார் பத்துக் கிலோவாக அச்சை இழுக்கும். அதுவும் விநாடிக்கு ஐம்பது முறை திசை மாறி மாறி இழுக்கும். பேரிங் தேயும், அச்சு வளையும், இறுதியில் கிண்ணம் கழன்றுவிடும். அதன் விளிம்பு சுழலும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 113 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பறக்கும் உருக்குத் துண்டு பலகைச் சுவரையே துளைக்கலாம். பின்னால் ஒரு குழந்தை நின்றால் என்னாவது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சமையல் பாத்திரத்தையோ, பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் உருளையையோ மோட்டாரில் கட்டிச் சுழற்றும் முயற்சி வேண்டவே வேண்டாம். அவை அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கிண்ணம், அனுபவமுள்ள பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் கடையப்பட்டு, எடைச் சமன் பார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதைச் சுற்றிக் கனத்த உருக்குக் காப்புக்கூடு, மேலே தாழிடக்கூடிய மூடி, எட்டி நின்று நிறுத்துவதற்கு மின்விசை ஆகியவை அவசியம். சுழற்சி முற்றிலும் நின்றபின்னரே மூடியைத் திறக்க வேண்டும். அதிர்வு தோன்றினால் அக்கணமே நிறுத்த வேண்டும். வரிசை வீட்டின் அடுப்பங்கரையில் இப்பொறிக்கு இடமில்லை.

இவற்றையெல்லாம் செய்ய இயலாதவர் மனம் தளர வேண்டியதில்லை. வடிகட்டலும் பீப்பாயில் படியவைத்தலும் ஏழைக்கும் இயலும். அவற்றால் எவர் கையும் போகாது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து எண்ணெயைச் சேமித்து, உரிய முறையில் சேகரிப்போரிடம் விற்பதும் நல்ல வருமானமே.

எந்த இயந்திரத்துக்கு?

தெளிந்த எண்ணெய், பழைய பாணிப் பம்புள்ள டீசல் இயந்திரங்களுக்கே ஓரளவு பொருந்தும். அவற்றையும் டீசலால் கிளப்பி, இயந்திரம் சூடேறியபின் சூடான எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் டீசலில் ஓட்ட வேண்டும். மிக நுண்ணிய ஊசிகள் கொண்ட புதுவகை இயந்திரங்களில் இதை ஊற்றினால், மிச்சப்படுத்திய காசைப்போல் பல மடங்கு பழுதுபார்க்கச் செலவாகும். வாகனத்தில் மாற்றம் செய்யுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவை அணுகுங்கள். உயிரி எரிபொருளைச் செய்து வணிகம் நடத்த, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. தெளிந்து பளபளக்கும் எண்ணெயைக் கண்டு, அதை மீண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள்; எவருக்கும் சமையலுக்கென்று விற்காதீர்கள். சுழற்பொறி கசடை நீக்குமேயன்றி, திரும்பத் திரும்பக் காய்ச்சியதால் எண்ணெயோடு கரைந்துவிட்ட தீய பொருள்களை நீக்காது. இந்தியாவில் 2018ஆம் ஆண்டு முதல், அத்தகைய பொருள்கள் நூற்றுக்கு இருபத்தைந்து பங்குக்கு மேற்பட்ட எண்ணெயைச் சமையலில் பயன்படுத்தலாகாது என விதி செய்து, அதை உயிரி டீசல் ஆலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். கண்ணுக்குத் தெளிவு வேறு, உடலுக்கு நன்மை வேறு.

தோழர்களே! வீணாகும் பொருளைப் பயனாக்க முனையும் இளைஞரை நான் பாராட்டுகிறேன். அந்த முயற்சி பெற்றோரின் கண்ணீரில் முடியலாகாது என்பதே என் கவலை. பொறி செய்ய முற்படுவோர், முதலில் உங்கள் தோட்டத்துத் தொழிற்சாலை மெக்கானிக்கிடம் பேசுங்கள்; பால் சுழற்றும் பொறி அருகில் உள்ள ஆலையில் இருந்தால், அனுமதி பெற்று அதன் காப்புக்கூடு எவ்வளவு கனமானது என்று பார்த்து வாருங்கள். அதைக் கண்டபின், தகரத்தில் ஒன்றைக் கட்டிச் சுழற்ற உங்களுக்கே மனம் வராது.