கண்ணாடிக் கூரையின்கீழ் ஒரு பனித்தளம்



நம் நாட்டிலே பனிக்கட்டி என்பது குவளைக்குள் மிதக்கும் ஒரு பொருள். நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். கருகிய தேயிலைத் தளிர்களே அது வந்து போனமைக்குச் சான்றாக நிற்கும். அதற்குமேல் அப்பொருளோடு நமக்கு உறவில்லை. மனிதர் அதன்மேல் ஏறி நின்று ஓடியாடி மகிழ்வதை நான் படங்களிலேதான் கண்டிருந்தேன். 2024ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், பாரிஸ் நகரில் வாழும் என் தமக்கையார் வீட்டுக்கு மனைவியோடும் மகனோடும் சென்றிருந்தபோது, அதனை நேரிற் காணும் வாய்ப்புக் கிட்டியது.

நாங்கள் சென்ற இடம் கிராண்ட் பலே என்னும் பெருமண்டபம். பெரிய அரண்மனை என்பது அப்பெயரின் பொருள். ஆயினும் அரசர் எவரும் அதில் வாழ்ந்ததில்லை. 1900ஆம் ஆண்டு நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்காகக் குடியரசு எழுப்பிய கட்டடம் அது. வெளியே நின்று பார்ப்பவர்க்குக் கருங்கற் கோயிலின் தூண் வரிசை நினைவுக்கு வரும். உள்ளே புகுந்தாலோ இரும்பும் கண்ணாடியுமன்றி வேறில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும். 45 மீற்றர் உயரம். முதலாம் உலகப் போரின்போது காயமுற்ற போர்வீரர்க்கு மருத்துவமனையாகவும் இது பயன்பட்டது. சில ஆண்டுகள் திருத்த வேலைகளுக்காக மூடப்பட்டிருந்து, 2024இல் ஒலிம்பிக் வாட்போட்டிகளுக்காகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரிலே அதே தளத்தில் பனி பரப்பினார்கள். ஏறத்தாழ 2,700 சதுர மீற்றர். உதைபந்தாட்டத் திடலொன்றில் மூன்றிலொரு பங்குக்கும் கூடுதலான பரப்பு.

கூரையுள்ள மண்டபத்துள் பனி எங்ஙனம் வந்தது? என் மகன் கேட்ட முதற்கேள்வி அதுதான். தரையிலே குழாய்களை நெருக்கமாகப் பரப்பி, எளிதில் உறையாத ஒரு திரவத்தைப் பூச்சியத்துக்குக் கீழே குளிரூட்டி அவற்றினூடே செலுத்துகின்றனர். மேலே தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளிக்க, அது படைபடையாக உறைகின்றது. தோசைக்கல்லில் மாவை ஊற்றுவது போலத்தான். அங்கே வெப்பம் செய்யும் வேலையை இங்கே குளிர் செய்கின்றது. சில சென்ரிமீற்றர் தடிப்பே போதும்.

இவ்வுபாயத்தின் பிறப்பு வேடிக்கையானது. ஜோன் கம்ஜீ என்னும் ஆங்கிலேயர் ஒரு மிருக வைத்தியர். அவுஸ்திரேலியாவிலிருந்து இறைச்சியைக் கெடாமல் கப்பலில் கொண்டுவர வழி தேடினார். இறைச்சியை உறைய வைக்கும் ஆராய்ச்சியில் அவர் கண்ட முறையே 1876ஆம் ஆண்டு இலண்டன் செல்சியிலே ஒரு சறுக்குத்தளமாக உருவெடுத்தது. இன்று உலகெங்கும் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் செயற்கைப் பனித்தளங்களின் தொடக்கம் இறைச்சி வணிகத்திலே இருந்தது என்பதை அறிந்தபோது, மரக்கறி உணவினளாகிய என் மனைவி முகஞ்சுளித்தாள்.

அதற்கு முன்னெல்லாம் இயற்கையின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டும். பாரிஸ் நகரத்துச் செல்வர்கள் புலோஞ் வனத்து ஏரி உறையும் நாளை எதிர்நோக்கியிருப்பார்களாம். அங்கே சறுக்கியவர்களைக் கண்ட உவகையிலேதான் வால்ட்ரொய்பெல் என்னும் இசையமைப்பாளர் 1882இல் தம் புகழ்பெற்ற சறுக்காளர் வால்ஸ் இசையை ஆக்கினார். இப்பொழுதோ நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் வாடகைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கலாம். இரவானால் மின்விளக்குகள் பல நிறங்காட்ட, இரைச்சலான இசையோடு இளைஞர் கூட்டம் நிறைந்துவிடுகின்றது. அந்த இரைச்சல் என் செவிக்கு ஒவ்வவில்லை. மாலையில் கூரையினூடே மங்கிய வானம் தெரிய, பிள்ளைகள் சுற்றிவந்த அந்த வேளையே அழகு.

ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் ஆதலால், என் கண் கற்போரைத்தான் நாடிற்று. எங்கள் பிள்ளைகள் விழுந்தால் நாம் ஓடிச்சென்று தூக்குகிறோம். ஏன் ஓடினாய் என்று கடிந்தும் கொள்கிறோம். அங்கே முதற்பாடமே விழுவதுதான். முழங்காலை மடித்துப் பக்கவாட்டாக விழவேண்டும்; விழுந்தவுடன் விரல்களை உள்ளே மடக்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வருவோரின் சப்பாத்து அலகு கத்தி போன்றது. கையுறையை வற்புறுத்துவதும் இதனால்தான். சிறு பிள்ளைகள் பற்றிக்கொள்ள உருவப்பொம்மைகள் சில உண்டு. எழுந்து நிற்கும் வேலையைப் பிள்ளையே செய்கின்றது. தாய்மார் தடுப்பின் அப்பால் நின்று பேசிக்கொண்டிருக்கின்றனர். இது கல் நெஞ்சமோ என்று முதலில் ஐயுற்றேன். அரை மணி நேரம் பார்த்த பின்னர் அவ்வையம் நீங்கிற்று.

தமக்கையாரின் பேர்த்தி ஒன்பது வயதுச் சிறுமி. காலைப் பின்னோக்கித் தள்ளி, கைகளை விரித்து, எங்கள் முன்னே மீன்போல வழுக்கிப் போனாள். அக்கா தடுப்பைப் பிடித்தபடியே நின்றார். அந்நாட்டிலே நாற்பது ஆண்டுகளை அண்மித்து வாழ்பவர், ஒருநாளும் பனித்தளத்தில் கால் வைத்தவரல்லர்.

காரணம் எனக்குத் தெரியும். அவர்கள் சென்ற முதற் குளிர்காலத்திலே அத்தான் ஓர் உணவுச்சாலையில் இரவு முழுவதும் பாத்திரம் கழுவினார். வேலை முடியும் நேரத்தில் மெத்ரோ ஓடாது. நடந்து வரும் வழியில் ஈரம் உறைந்து கிடந்த நடைபாதையிலே வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட கையோடு போனவருக்கு வேலை இல்லை என்றார்கள். அந்த மாதம் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அக்கா ஊருக்கு எழுதவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஒரு திருமண வீட்டிலே, வேறெதையோ பேசும்போது சொன்னார். எண்பதுகளில் அங்குச் சென்ற நம்மவர் பலருக்குப் பனி என்பது இப்படித்தான் அறிமுகமாயிற்று. லா சப்பல் கடைத்தெருவில் இன்று புடைவையும் முருங்கைக்காயும் விற்கும் முதியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

சிறுமி சுற்றி வந்து எங்கள் முன் நின்றாள். "அம்மம்மா, பயப்படாதேங்கோ, நான் பிடிக்கிறன்" என்றாள். அக்கா மறுத்தார்; அத்தானைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் தம் கையுறைகளைக் கழற்றி நீட்டினார். சப்பாத்துக் கட்டவே கால் மணி நேரம் ஆயிற்று. பேர்த்தி முன்னே நின்று இரு கைகளையும் பற்றிப் பின்னோக்கிச் சறுக்க, அக்கா குழந்தைபோல அடிமேல் அடி வைத்து நகர்ந்தார். பாதித் தூரத்தில் ஒருமுறை விழுந்தார். நான் தடுப்பைத் தாண்ட முனைந்தேன். அத்தான் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அக்கா விரல்களை மடக்கிக்கொண்டார், முழங்காலில் எழும்பினார், சிரித்தார். மீதித் தூரத்தில் சில அடிகளை ஒரு கையை விட்டே கடந்தார்.

பின்னர் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு ஓர் இயந்திரம் உள்ளே வந்தது. பனியின் கீறல்களைச் சீவி எடுத்து, சுடுநீரை மெல்லிய படலமாய்ப் பரப்பிச் செல்லும் பொறி அது. பிராங்க் சம்போனி என்பவர் 1949இல் கலிபோர்னியாவிலே ஆக்கியது. சுடுநீர் பழைய பனியைச் சற்று உருக்கி அதனோடு ஒன்றாய் உறைவதால் தளம் கண்ணாடிபோல் ஆகின்றது. என் மகன் வேறெதையும்விட அந்த இயந்திரத்தையே நெடுநேரம் பார்த்து நின்றான்.

நாங்கள் வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. சிறு தூறல் பெய்து நடைபாதை ஈரமாயிருந்தது. பேர்த்தி முன்னே ஓடினாள். அக்கா அத்தானின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து, மெத்ரோ வாயில்வரை நடந்தார்.