புதுப்பித்தலும் மீட்டலும்

பழம்பொருளைப் போற்றுவோர் இரு வகையினர். பழையதைப் பளபளப்பாக்கிக் கண்டு மகிழ்வோர் ஒரு வகை. அது பிறந்தபோது எவ்வாறு இருந்ததோ அவ்வாறே காண விழைவோர் மற்றொரு வகை. முன்னவர் செய்வது புதுப்பித்தல். பின்னவர் செய்வது மீட்டல். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், இவற்றிடையே உள்ள வேறுபாடு பெரிது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கே கொண்டுவர முயல்வோரின் பட்டறைகளில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலனாகும்.

ஜாகுவார் ஈ-டைப் என்னும் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் உருவான இவ்வண்டி, 1961 மார்ச்சு மாதம் ஜினீவா மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக உலகின்முன் வைக்கப்பட்டது. விமானத் தொழிலில் அனுபவம் பெற்ற மால்கம் சேயர் என்பார் காற்றைக் கிழித்துச் செல்லும் அதன் வடிவை வகுத்தார். ஆறு சிலிண்டர்களைக் கொண்ட 3.8 லிட்டர் என்ஜின். மணிக்கு 150 மைல் வேகம் என்ற விளம்பரம். வேறு பல வண்டிகளைவிடக் குறைந்த விலை. இவற்றால் அது பெரும்புகழ் எய்தியது. உற்பத்தி முடிவதற்குள் 72,000-க்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன.

இவற்றுள் ஒன்றை அதன் முதல் நிலைக்கு மீட்பது என்றால், எது முதல் நிலை என்ற கேள்வி எழுகிறது. தொடக்கத்தில் வெளிவந்த வண்டிகளில் முன்மூடியின் தாழ்கள் வெளிப்புறத்தில் இருந்தன. விரைவிலேயே அவை உள்ளே சென்றன. முதல் வண்டிகளின் அடித்தளம் தட்டையாக இருந்தமையால், உயரமானவர்கள் காலை நீட்ட இடமின்றி வருந்தினர். 1962-இல் தளம் பள்ளமாக்கப்பட்டது. 1964-இல் 4.2 லிட்டர் என்ஜின் வந்தது. டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் அமர்ந்தது. கியர்ப் பெட்டியும் மாறியது. எனவே, ஈ-டைப் எப்படி இருந்தது என்று கேட்பது போதாது. இந்த ஒரு வண்டி எப்படி இருந்தது என்றே கேட்க வேண்டும். இதற்கு உதவவே ஜாகுவார் டெய்ம்லர் பாரம்பரிய அறநிலையம் சான்றிதழ் வழங்கி வருகிறது. வண்டிச் சட்டத்தின் எண், என்ஜின் எண், உடற்கூட்டின் எண், முதல் வண்ணம், உற்பத்தியான நாள் முதலியன தொழிற்சாலைப் பதிவேடுகளிலிருந்து அதில் எடுத்துத் தரப்படுகின்றன.

ஏட்டுச் சான்றுக்குப்பின் வண்டியே சான்று. தேர்ந்த தொழிலாளி உடனே திருகாணியைக் கழற்றமாட்டார். ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, கழற்றிய உறுப்புக்கெல்லாம் சீட்டுக் கட்டி வைப்பார். மறைவான ஓர் இடத்தில் சாயத்தை அடுக்கடுக்காகச் சுரண்டி, அடியிலுள்ள முதல் வண்ணத்தைக் கண்டறிவார். கதவுக்கு அடியிலுள்ள உள்ளீடற்ற பகுதிகளில் துரு மறைந்து கிடக்கும். அதனை நீக்கும்போதும், கெட்ட அளவுக்கு மட்டுமே வெட்டி, நல்ல இரும்பை விட்டுவைப்பார்.

இவ்விடத்தில்தான் சோதனை வருகிறது. அன்றைய தொழிற்சாலையில் வண்டிகள் வரிசையாக, விரைவாகச் செய்யப்பட்டன. கதவின் இடைவெளி ஓரிடத்தில் சற்று அகன்றிருக்கும். மறைவிடங்களில் சாயம் மெலிந்திருக்கும். இன்றைய கருவிகளைக்கொண்டு இவற்றையெல்லாம் திருத்திவிடலாம். ஆனால் அவ்வாறு திருத்தப்பட்ட கார் ஒருபோதும் கவென்ட்ரியில் பிறந்திராத கார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என்போன்றோர் இச்சோதனையை நாள்தோறும் அறிவோம். மூலத்தைவிட அழகாக எழுதிவிட வேண்டும் என்ற ஆசை எழும்போதெல்லாம் மூலம் நம் கையைவிட்டு நழுவத் தொடங்குகிறது.

பொறுமையின் எல்லை எதுவரை செல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பந்தயங்களுக்கெனவே அலுமினிய உடலுடன் செய்யப்பட்ட ஈ-டைப் வண்டிகளில் ஒன்றை ஜெர்மானியரான பீட்டர் லிண்ட்னர் ஓட்டிவந்தார். 1964 அக்டோபரில் பாரிசுக்கு அருகிலுள்ள மான்லேரி பந்தயச் சாலையில் நேர்ந்த கோர விபத்தில் அவர் உயிரிழந்தார். வண்டி நசுங்கிய உலோகக் குவியலாயிற்று. பல ஆண்டுகளுக்குப்பின், இங்கிலாந்தில் பிரிட்ஜ்நார்த் என்னும் ஊரிலுள்ள பட்டறை ஒன்று அதனை மீட்கும் பணியை மேற்கொண்டது. புதிய தகடுகளால் ஓர் உடலைச் செய்வது எளிது. அவர்களோ நசுங்கிய தகடுகளையே பிரித்து, நிமிர்த்தி, கிழிந்த இடங்களை ஒட்டி, மீண்டும் பொருத்தினர். 7,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்து, 2011-இல் வண்டியை ஓடச் செய்தனர்.

எல்லா உறுப்பும் பழையதாகவே இருந்தால்தான் அது அதே வண்டியா என்று சிலர் வினவலாம். 1990-இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தின் முன்னும் இவ்வினா வந்தது. 1929-இலும் 1930-இலும் லெ மான் பந்தயத்தில் வென்ற ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்னும் பென்ட்லி காரை ஒரு கோடிப் பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர், அதில் பழைய உறுப்புகள் மிகுதியாக இல்லை என்று கூறிப் பின்வாங்கினார். உறுப்புகள் காலப்போக்கில் சிறிது சிறிதாக மாறியபோதும் வண்டியின் வாழ்வு இடையறாது தொடர்ந்தமையால், அது தன் அடையாளத்தை இழக்கவில்லை என்று நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். ஆகவே, மாற்றம் குற்றமன்று. மாற்றத்தை மறைப்பதே குற்றம். எண்ணை அழித்து வேறு எண்ணைப் பொறிப்பதும், புதிய உடலைப் பழையதென்று விற்பதும் வாங்குவோரை மட்டுமன்றி வரலாற்றையும் ஏமாற்றுவனவாகும்.

சாலையில் ஓடும் வண்டிக்குப் பாதுகாப்பும் தேவை. பழைய டயரைப் போட்டு ஓட்டுமாறு எவரும் கூறார். பிரேக்கையோ மின்சார அமைப்பையோ மாற்ற நேர்ந்தால், பின்னர் பழையபடி பொருத்தத்தக்க வகையில் மாற்றலாம். கழற்றிய உறுப்பைப் பத்திரப்படுத்தலாம். செய்ததைக் குறித்தும் வைக்கலாம். நமக்குப்பின் அவ்வண்டியைத் திறக்கும் கைகளுக்கு, எது அன்றையது, எது இன்றையது என்று ஐயமின்றித் தெரிய வேண்டும். அவ்வளவு நேர்மை இருக்குமானால், அது மீட்டல். இல்லையேல், எத்துணைப் பளபளப்பு இருந்தாலும் அது வெறும் புதுப்பித்தலே.