கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய பேச்சு

(நமது கூட்டமைப்பின் குழுத் தலைவிகளுக்கும் ஊக்குநர்களுக்கும் நடந்த உடல்நலக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியது. அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் போடவில்லை. சீட்டில் கேள்வி எழுதிய உறுப்பினர்களின் பெயரும், ஊரும் இதில் இல்லை. கூட்டத்திற்கு வராத உறுப்பினர்களுக்குக் குழுவில் வாசித்துக் காட்டவும்.)



முதலில் அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள். டீ கொண்டுவருகிற தம்பி கொஞ்ச நேரம் கழித்து வரட்டும்.

சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், வட்டி என்று எல்லாக் கணக்கையும் இங்கே பேசுகிறோம். வீட்டுக்காரர் குடிக்கிறதைப் பேசுகிறோம், மாமியார் சண்டையைப் பேசுகிறோம். ஆனால் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு நடக்கிற ஒரு சண்டை இருக்கிறது. அது எந்தத் தீர்மான நோட்டிலும் ஏறுவதில்லை. ஒருத்தருக்கு ஆசை இருக்கும், இன்னொருத்தருக்கு இருக்காது. அதுதான் சண்டை. கல்யாணமாகிப் பத்து வருஷம், இருபது வருஷம் ஆன வீடுகளில் இது ரொம்ப சாதாரணம். சிரிக்காதீங்க. சிரிக்கிறவங்க வீட்டிலும் இருக்கும்.

ஆசையில் கூடக்குறைய இருப்பது பெரிய விஷயமே இல்லை. ஒரு வீட்டில் ஒருத்தருக்கு ஏழு மணிக்குப் பசிக்கும், ஒருத்தருக்கு ஒன்பது மணிக்குப் பசிக்கும். அதற்காக யாரும் யாரையும் அடிப்பதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் நடுவில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "ஏன் வேண்டாங்கிற? எவன் இருக்கான்? குழுக் கூட்டத்துக்குன்னு சொல்லிட்டு எங்க போயிட்டு வர்ற?" இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால், அடுத்த வாரம் அந்த உறுப்பினர் கூட்டத்திற்கு வர மாட்டார். நாம் என்ன செய்வோம்? வரவில்லை என்று பதிவேட்டில் எழுதி, அபராதம் போடுவோம். அவள் ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. அவளும் சொல்ல மாட்டாள்.

பொம்பளைங்க பக்கமும் இதே கதைதான். வீட்டுக்காரர் ஆறு மாசமாகத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்றால், "எவளோ ஒருத்தி கிடைச்சுட்டா" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவருக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கும். முடியவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம். கேட்க நமக்கு வெட்கம்.

அதனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆசை குறைந்தால் முதலில் ஆளைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் அந்தக் காரணம் உடம்பிலோ, அலுப்பிலோ, வீட்டு அமைப்பிலோதான் இருக்கும்.

அலுப்பையே எடுத்துக்கொள்வோம். காலை நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, காட்டு வேலைக்குப் போய், மாட்டுக்குப் புல் அறுத்து, ராத்திரி பாத்திரம் கழுவிப் படுக்கும்போது பத்தரை ஆகிறது. அந்த உடம்பில் ஆசை எங்கிருந்து வரும்? இதோடு ரத்தசோகை வேறு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. இந்த ஹாலில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குகிற உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவுவதை மகனிடமும் விட்டாலே சில வீடுகளில் பாதிப் பிரச்சனை குறையும். மகளிடம் மட்டும் இல்லை, மகனிடமும்.

வீடு ஒரே அறை. வயசுக்கு வந்த பிள்ளை ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம். யாராவது இருமினால் உயிர் போகிறது. இதில் பெண்ணுக்கு மனசு எப்படி ஒட்டும்? ஆம்பளைக்கு இது அவ்வளவு தெரியாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்காருங்கள் என்று நான் சொல்லிக்கொடுத்த வீடுகள் உண்டு.

அடுத்தது வலி. நம்மில் நிறையப் பேர் "ஆசை இல்லை" என்று சொல்வது உண்மையில் "வலிக்குது" என்பதுதான். பிரசவத்தில் போட்ட தையல், நாற்றத்தோடும் அரிப்போடும் வெள்ளைப்படுதல், அடி இறங்கியிருப்பது, உள்ளே வறட்சி, எல்லாமே வலியைத் தரும். பால் கொடுக்கிற தாய்க்கு உடம்பில் ஹார்மோன் குறைந்திருக்கும், அதனால் வறட்சியும் இருக்கும், ஆசையும் குறையும். அது தாய்மை சம்பந்தப்பட்ட இயற்கை, புருஷன்மேல் வெறுப்பு இல்லை. பிரசவம் முடிந்து ஆறு வாரமாவது உடம்புக்கு ஓய்வு வேண்டும். ஆறு வாரம் முடிந்த மறுநாளே ஆசை வந்துவிட வேண்டும் என்று கணக்கும் கிடையாது. தைராய்டு கோளாறிலும் ஆசை குறையும். மனச்சோர்விலும் குறையும், மனச்சோர்வுக்குப் போடுகிற சில மாத்திரைகளாலும் குறையும். மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். கொடுத்த டாக்டரிடமே "இப்படி இருக்குது" என்று சொன்னால் மாற்றித் தருவார்கள்.

ஆம்பளைங்க விஷயத்திற்கு வருகிறேன். சர்க்கரை, இரத்த அழுத்தம், பீடி சிகரெட், குடி, இந்த நாலும் அவர்களைப் பாதிக்கும். குடித்தால் ஆசை வரும் என்கிறார்கள். பேச்சு வரும், ஆசையும் வரலாம், உடம்பு ஒத்துழைக்காது. அந்தக் கோபம்தான் அடியாக நம்மேல் விழுகிறது. சர்க்கரை இரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுப்பதால் விறைப்புத் தன்மை போகும். இருதயக் கோளாறுக்கும் சில பேருக்கு இதுதான் முதல் அறிகுறி. ஆகவே "அவருக்கு முடியலை" என்றால் கேலி பேசாமல், ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள். காசு கிடையாது.

அங்கே போகாமல் நம்ம ஆட்கள் எங்கே போகிறார்கள்? பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீசைப் பார்த்து, மாசத்துக்கு ஒருநாள் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவரிடம் போகிறார்கள். ஆண்மைக்குறைவைச் சரிசெய்கிறேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் சுவரில் நோட்டீஸ் இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் லேகியம் வாங்கிவிட்டு, அந்தக் கடனை அடைக்க மனைவி குழுவில் "மருத்துவச் செலவு" என்று கடன் கேட்பாள். இப்படிக் கேட்டால் ஊக்குநர் தனியாகக் கூப்பிட்டு எந்த ஆஸ்பத்திரி என்று விசாரிக்கலாம், தப்பில்லை. இன்னொன்று, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுகிற விறைப்பு மாத்திரை. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எடுப்பவர் அதையும் போட்டால், பிரஷர் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வேண்டவே வேண்டாம்.

வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். திருப்பூர், கேரளா, துபாய் என்று போய்விட்டு, அவர் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நாலு நாள் வருவார். அவர் மாசக்கணக்கில் அந்த நாலு நாளை எண்ணிக்கொண்டு வந்திருப்பார். இவளோ தனியாக இருந்து, தனியாக முடிவெடுத்துப் பழகியிருப்பாள். வந்த அன்றைக்கே அவர் பக்கத்தில் வந்தால், இவளுக்கு அந்நிய ஆள் மாதிரி இருக்கும். இதில் ரெண்டு பேர்மேலும் குற்றமில்லை. "மொத நாள் பேசிக்கிட்டு இருப்போம், பிள்ளைங்களோட இருங்க, நான் எங்கயும் போயிற மாட்டேன்" என்று போனிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

எப்படிப் பேசுவது என்று கேட்பீர்கள். படுக்கையில் பேசாதீர்கள். அந்த நேரத்தில் "வேண்டாம்" என்று சொன்னால் "உன்னை வேண்டாம்" என்றுதான் காதில் விழும். பகலில், வயிறு நிறைந்திருக்கிற நேரத்தில், அவர் குடிக்காத நேரத்தில் பேசுங்கள். "உங்க மேல எனக்குக் கோபம் இல்லைங்க. உடம்பு வலிக்குது. ஆஸ்பத்திரியில காட்டிட்டு வர்றேன், கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க." இவ்வளவு போதும். முழுசாக விலகிப் படுக்காமல், கையைப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டு, காலை அமுக்கிவிட்டுப் படுத்தாலும் அது தாம்பத்தியம்தான். அவரும் உங்கள் காலை அமுக்கலாம்! அணைத்துக்கொண்டால் அடுத்தது அதுதான் என்ற பயம் இல்லாவிட்டால், பல பெண்களுக்கு ஆசை தானாகத் திரும்பி வரும்.

"பசிச்சவனுக்குச் சோறு போடாம இருக்கலாமா? பொம்பளை விட்டுக்கொடுக்க வேண்டாமா?" என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். பசி என்று நானும்தான் ஆரம்பித்தேன். ஆனால் சோற்றுக்கு வலிக்காது, பொண்ணுக்கு வலிக்கும். மனசு வந்து, "சரி, இன்னைக்கு அவருக்காக" என்று ஒரு நாள் இசைவது வேறு. அடிக்குப் பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது வேறு. இப்படிக் கிடந்தால் மறுநாள் ஆசை இன்னும் குறையும். அதே மாதிரி, நகை வாங்கித் தரவில்லை, அம்மா வீட்டுக்கு விடவில்லை என்பதற்காக இதை வைத்துத் தண்டனை கொடுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கோபத்துக்கு வாய் இருக்கிறது, வாயால் சொல்லுங்கள்.

வேண்டாம் என்ற பிறகும் கட்டாயப்படுத்துவது, அடிப்பது, அசிங்கமான வீடியோவைக் காட்டி அதுபோல் செய்யச் சொல்வது, இதெல்லாம் "ஆசையில் கூடக்குறைய" இல்லை, கொடுமை. 2005-ல் கொண்டுவந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மனைவிக்கு நடக்கிற பாலியல் கொடுமையையும் அது வன்முறை என்று சொல்கிறது. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் போடலாம், காசில்லை. போன் இல்லாத உறுப்பினருக்குக் குழுத் தலைவி தன் போனைக் கொடுத்து, கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் சீட்டுக்களைப் பிரிக்கிறேன்.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த பிறகு ஆசையே இல்லை. ஆபரேஷன்தான் காரணமா?" இல்லை. அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஹார்மோன் சுரக்கிற சினைப்பையில் கை வைப்பதில்லை. பிள்ளை பெற்ற கையோடு ஆபரேஷனும் செய்துகொள்வதால், பால் கொடுப்பது, தூக்கமில்லாதது எல்லாப் பழியும் ஆபரேஷன்மேல் விழுகிறது. ஆம்பளை செய்துகொள்கிற ஆபரேஷனாலும் அவருக்கு ஆசையோ தெம்போ குறையாது. கர்ப்பப்பையை எடுப்பது வேறு சங்கதி. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், தீட்டு நிற்கிற வயசில் வருகிற மாற்றமெல்லாம் ஒரேயடியாக வரும். ஆகவே கர்ப்பப்பையை எடுக்கணும் என்று சொன்னால், சினைப்பையை விட்டு வைப்பீர்களா என்று கேளுங்கள், இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

"அவருக்கு வேண்டாமாம், எனக்குத்தான் வேணும்போல இருக்கு. வெளியே சொன்னால் கேவலம்." யாரம்மா சொன்னது கேவலம்? ஆசை ஆம்பளைக்கு மட்டும் இருக்கிற சொத்து இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன வயசு, சர்க்கரை பார்த்தீர்களா, கடன் கவலை ஏதாவது இருக்கிறதா என்று யோசியுங்கள். "எனக்கு நீங்க பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். "நீ ஆம்பளையா" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். அதைக் கேட்ட ஆம்பளை டாக்டரிடம் போக மாட்டார், லாட்ஜுக்குத்தான் போவார்.

"தீட்டு நின்று மூணு வருஷம் ஆகிவிட்டது. ஆசை இருக்கிறது, ஆனால் எரிச்சல் தாங்கவில்லை." பெரும்பாலும் 45-லிருந்து 50 வயசுக்குள் தீட்டு நிற்கும். அதன் பிறகு உள்ளே ஈரம் குறையும், தோல் மெலிசாகும், உரசினால் எரியும். அவசரப்படாமல் நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் இதற்கென்று வழவழப்பான ஜெல்லி கிடைக்கும். சுத்தமான தேங்காய் எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் ஆணுறை போடுகிறவர்கள் எண்ணெய் பக்கமே போகக் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். அவர்களுக்கு ஜெல்லிதான். அதற்கும் கேட்காவிட்டால் உள்ளே தடவுகிற ஹார்மோன் களிம்பை டாக்டர் எழுதித் தருவார். தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், எந்த வயசிலும் சேர்ந்த பிறகு ரத்தம் வந்தாலும், இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள், ஐந்து நிமிஷ வேலை.

இன்னும் ஏழு சீட்டு இருக்கிறது. சாப்பாடும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன், கதவைத் தட்டுகிறார்கள். இந்த ஏழையும் நான் பையில் வைத்துக்கொள்கிறேன். சாயங்காலம் பஸ் வரும்வரை வெளியே வேப்பமரத்தடியில்தான் இருப்பேன். எழுதியவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள், கூட ஆள் வேண்டாம்.