பெட்டியில் உறங்கும் ஊர்கள்

(ஒக்கலிபுரத்தில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பயணத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். புகைவண்டித் துறையில் எழுத்தராகப் பணிபுரியும் எங்களைப் போன்றோர்க்கு ஆண்டுதோறும் குடும்பத்துடன் சென்றுவரப் பாஸ் கிடைக்கிறது. மெட்ரிகுலேஷன் அளவோடு நின்றுவிட்ட எங்களுக்குப் பாடநூல் காட்டிய உலகைக் காட்டிலும் வண்டியின் சன்னல் காட்டிய உலகே பெரிது. ஆயினும் இன்று நாங்கள் கண்ட ஊர்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. அவ்வூர்களிலிருந்து கொண்டுவந்த துணிமணிகளைப் பற்றியே பேசப் போகிறோம். "இஃதென்ன, துணிக்கடைப் பேச்சா?" என்று ஆடவர்கள் நகைக்க வேண்டா. நம் வீட்டு வரலாறே இதில் அடங்கியிருக்கிறது.

எங்கள் அன்னையார் மறைந்து சில திங்கள் கழித்து, அவர்தம் தகரப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஏழு சேலைகள் இருந்தன. எங்கள் தந்தையாரும் புகைவண்டித் துறையினரே. போன ஊரிலெல்லாம் அம்மாவுக்கு ஒன்று வாங்கி வருவது அவர் வழக்கம். எங்கள் மகள் ஒவ்வொன்றாக எடுத்து, "இது எந்த ஊர் அப்பா?" என்று கேட்டாள். மதுரைச் சுங்குடியை அடையாளம் சொன்னோம். காஞ்சிப் பட்டையும் சொன்னோம். மற்ற ஐந்துக்கும் எங்களிடம் விடை இல்லை. தந்தையார் முன்னமே போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். ஐந்து ஊர்களும் அவர்களோடு போய்விட்டன. காஞ்சிப் பட்டை விரித்துப் பார்த்தால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுக் கிழிந்திருந்தது. நல்ல நாளுக்கென்று அம்மா பொத்திப் பொத்தி வைத்தார். வைத்தபடியே அது மடிந்தது.

அன்று எங்களுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. பயணத்தில் வாங்கிய துணி, பெயர் தெரியும் வரையில்தான் நினைவுப் பொருள். பெயர் மறந்தால் வெறுந்துணியே.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். பழந்தமிழில் ஆடைக்குக் கலிங்கம் என்றொரு பெயர் உண்டு. கலிங்க நாட்டிலிருந்து வந்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். கோழிக்கோட்டுத் துணியை ஐரோப்பியர் காலிக்கோ என்றனர். பழவேற்காட்டின் பெயர் பாலையக்காட்டு லுங்கியில் இன்றும் வாழ்கிறது. துறைமுகம் சிறுத்துப் போயினும் துணி அதன் பெயரை மறக்கவில்லை. துணி காட்டும் நன்றியை நாம் காட்ட வேண்டாவோ?

ஊர்ப் பெயரை மறைத்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2025 ஜூன் திங்களில் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய உடைக் காட்சியில், கோலாப்பூர்ச் செருப்பை ஒத்த மிதியடிகள் இடம்பெற்றன. ஊரையும் குறிப்பிடவில்லை, தொழிலாளரையும் குறிப்பிடவில்லை. நம் நாட்டில் கண்டனம் எழுந்த பின்னரே அந்நிறுவனம் மூலத்தை ஒப்புக்கொண்டது. அச்செருப்புக்குரிய புவிசார் குறியீடு மராட்டியத்துக்கும் நம் கர்நாடகத்துக்கும் பொதுவானது. பெலகாவி மாவட்டத்து அதணியிலும் அது செய்யப்படுகிறது. பிராடாவைக் குறை கூறுமுன் நம் பெட்டியையும் திறந்து பார்த்தல் நலம். நாமும் ஐந்து ஊர்களின் பெயரைத் தொலைத்தவர்களே அன்றோ!

இனி, வாங்கும் முறை குறித்துச் சில சொற்கள். வடநாட்டுத் திருத்தலம் ஒன்றில் வழிகாட்டி ஒருவர் எங்களை ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார். கைத்தறிப் பட்டு என்று சொல்லிக் கொடுத்தனர். வீட்டுக்கு வந்து ஓரத்து இழை ஒன்றைப் பிரித்துத் தீயில் காட்டினோம். உண்மைப் பட்டாயின் மயிர் கருகும் நாற்றம் எழும். எரிந்தது விரலில் பொடியாகும். அதுவோ உருகிக் கடினமான மணியாகத் திரண்டது. பணம் போனதைவிட, அவ்வூரை நினைக்குந்தோறும் ஏமாற்றமே நினைவுக்கு வருகிறதே, அதுதான் பெரிய நட்டம். ஆகவே முத்திரை பார்த்து வாங்குங்கள். கைத்தறிக்கு 2006 முதல் தனி முத்திரை உண்டு, பட்டுக்கும் உண்டு.

எந்திரத் துணி எல்லாம் தாழ்ந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. 1912 இல் தொடங்கிய மைசூர் அரசுப் பட்டு ஆலையில் விசைத்தறியில் நெய்யும் சேலைக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. நம் ஒக்கலிபுரத்துக்கு அண்மையில் இருந்த பின்னி ஆலையும் மினர்வா ஆலையும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அவை இன்று இல்லை. எந்திரம் குற்றமன்று, ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவதே குற்றம்.

கூடுமானால் நெய்கிற இடத்துக்கே செல்லுங்கள். சுங்குடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் துணியைக் கிள்ளி எடுத்து நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்க்கின்றனர். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அக்குறையே கைவேலைக்குச் சான்று. இதனைக் கண்ணால் கண்டவர், பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச நாணுவர்.

பயணத்தில் உடையைச் சேர்த்தவர் பலர். குறைத்தவர் ஒருவர் உண்டு. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்குப் புகைவண்டியில் சென்றார். உடன் பயணம் செய்தோரிடம் கதர் உடுத்துமாறு கூறினார். வாங்க வசதியில்லாத ஏழைகள் நாங்கள் என்று அவர்கள் விடையிறுத்தனர். 22 ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில், அவர் அரைமுழத் துண்டுக்கு மாறினார். அண்ணல் அப்பயணத்திலிருந்து எடுத்துச் சென்ற நினைவுப் பொருள் அத்துண்டே. முதலில் மனிதரைப் பார், பிறகு துணியைப் பார் என்பதே நாம் அதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம்.

வாங்கியதைக் காக்கும் வழியும் எளிதே. பட்டைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். சில திங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட விடுங்கள். அந்துருண்டை சரிகையில் படலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடுத்துங்கள். அதனுடன் ஒரு துண்டுத் தாளில் ஊர், ஆண்டு, யாருக்காக வாங்கியது என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அவ்வேலையை மகளே ஏற்றுக்கொண்டிருக்கிறாள். அந்த ஐந்து சேலைகளுக்கும் அவள் "பாட்டியுடையது" என்று மட்டும் எழுதி வைத்தாள். அதைப் படிக்குந்தோறும் எங்கள் நெஞ்சு கனக்கிறது.

இறுதியாக ஒன்று. இக்கன்னட நாட்டின் இல்கல் சேலையைக் கண்டிருப்பீர்கள். உடல் பெரும்பாலும் பருத்தி. முந்தானை சிவப்புப் பட்டு. இரண்டும் வெவ்வேறு பாவு. உடற்பாவின் இழையையும் முந்தானைப் பாவின் இழையையும் வளையம் வளையமாகக் கோத்து இணைக்கின்றனர். நம் காஞ்சிபுரத்திலும் வேறு நிற முந்தானையை உடலோடு இழைக்கு இழை பொருத்தும் முறை உண்டு. இரு நாட்டு நெசவாளரும் ஒரே வித்தையை அறிவர்: வேறு நூல் வேறாகவே இருக்கட்டும், இணைப்பு உறுதியாக இருக்கட்டும்.

எங்கள் இல்லத்தில் அவ்விரண்டு சேலைகளையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு இல்கலும், கன்னட ராஜ்யோத்சவத்துக்குக் காஞ்சிப் பட்டும் உடுத்த வேண்டும் என்பது எங்கள் மகளின் ஆணை. வந்த ஊரின் பெயரையும் வாழும் ஊரின் பெயரையும் அவள் ஒருசேர நினைவில் வைத்திருக்கிறாள். நம் பிள்ளைகள் அனைவரும் அவ்வாறே வைத்திருப்பாராக!