அரசியின் முத்திரையும் வணிகனின் உரிமையும்



ஆள்வோரின் அதிகாரத்துக்குச் சட்டம் எல்லை வகுக்காவிடின், அதன் சுமை சந்தைக்கு வரும் எளியோர் தலையிலேயே விழும். இவ்வுண்மையை இங்கிலாந்து விளையாட்டுச் சீட்டு வழக்கொன்றினாற் கற்றது.

முதலாம் எலிசபெத் அரசியார் தம் அரண்மனை அலுவலராகிய எட்வேட் டார்சி என்பாருக்குச் சீட்டுகளைச் செய்யவும் இறக்குமதி செய்து விற்கவும் தனியுரிமை வழங்கியிருந்தார். இலண்டன் வணிகராகிய அலீன் அதனை மதியாது தாமும் விற்றார். 1602ஆம் ஆண்டின் அவ்வழக்கில், தனியுரிமை பொதுச் சட்டத்துக்கு மாறானது, ஆதலாற் செல்லாது என நீதிபதிகள் தீர்த்தனர். தனியுரிமையால் விலை ஏறும். பொருளின் தரம் குன்றும். கைவினைஞர் பிழைப்பிழந்து வறியராவர். இம்மூன்று தீங்குகளையும் தீர்ப்பறிக்கையில் எழுதிவைத்தவர் எட்வேட் கோக். அவரே டார்சியின் பக்கம் வாதாடித் தோற்ற அரச வழக்கறிஞர் என்பது வியப்புக்குரியது.

1624இல் பாராளுமன்றம் தனியுரிமைகளைச் சட்டத்தால் விலக்கியது. புதியன கண்டுபிடிப்போருக்கு மட்டும் 14 ஆண்டு உரிமையை விட்டுவைத்தது. ஆயினும், வணிகக் கழகங்களுக்கு அச்சட்டம் அளித்த விலக்கைப் பற்றிக்கொண்டு, முதலாம் சார்ள்ஸ் மன்னர் 1630களிற் சவர்க்காரத்துக்கும் தனியுரிமை வழங்கினார்.

வேலி கட்டினாற் போதாது. பொட்டு விழாமற் காப்பதும் குடிமக்களின் கடனாகும்.