ஆராய்ச்சிச் சுருக்கத்தைப் படித்துப் பயன்பெறுவோம்

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் ஆற்றிய உரை)



நம்முடைய பூமி வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே நமக்கு ஆதாரம். கண்மாய்ப் பாசனம் உள்ள சில வயல்களைத் தவிர, மற்ற நிலங்களில் ஆண்டுக்கு ஒரு விதைப்புத்தான். அந்த ஒரு விதைப்புத் தவறினால் அடுத்த ஆண்டு வரையில் குடும்பமும் கால்நடையும் துன்புறும். ஆகவே, எப்பொழுது விதைப்பது, எப்படி விதைப்பது என்னும் கேள்விக்கு நம்பத்தக்க விடை வேண்டும்.

அவ்விடையைத் தேடும் பணி நம் அருகிலேயே நடந்து வருகிறது. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பண்ணை, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. அருப்புக்கோட்டையிலும் அப்பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இத்தகைய நிலையங்களின் அறிக்கைகள் பல நூறு பக்கங்களில் அமைவதுண்டு. அவற்றை முழுதும் படிக்க நமக்கு நேரம் ஏது? அதற்காகத்தான் முகப்பில் ஓரிரு பக்கங்களில் சுருக்கம் தருகிறார்கள். துண்டுப் பிரசுரமாக நம் கைக்கு வருவதும் பெரும்பாலும் அதுவே.

இச்சுருக்கத்தை, "இது படித்தவர்கள் சமாசாரம்" என்று ஒதுக்கிவைப்பவர் சிலர். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு உடனே நிலத்தில் இறங்குபவர் சிலர். இருவருக்கும் நஷ்டமே.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கரிசல் நிலத்தில் மானாவாரிச் சோளத்தைப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியில், விதைக்கலாம் என்பது ஆராய்ச்சியில் கண்ட முடிவு. விதையைக் கடினப்படுத்தி, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும் என்று சுருக்கம் கூறும். இதைப் படிக்கும்போது ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, எந்த மண்ணில் கண்ட முடிவு? கரிசல் என்ற சொல்லை விட்டுவிட்டால் முடிவே மாறிவிடும். 5 சென்டிமீட்டர் ஆழம் என்பதற்கும் காரணம் உண்டு. சிறு தூறல் மேல்மண்ணை மட்டுமே நனைக்கும். ஆழத்தில் கிடக்கும் விதை அதற்கு முளைக்காது. நல்ல மழை இறங்கிய பிறகே முளைக்கும். மேலாக விதைத்தால் தூறலுக்கு முளைத்து, அடுத்த வெயிலில் கருகிப்போகும். செவல் நிலத்துக்காரர் இதனை அப்படியே பின்பற்றாமல், தம் மண்ணுக்கு ஏற்ற முறையை விசாரித்தறிய வேண்டும்.

இரண்டாவது, எத்தனை ஆண்டுகள் சோதித்தார்கள்? ஓராண்டு நல்ல மழையில் கண்ட விளைச்சல் நமக்குப் போதிய சாட்சி ஆகாது. சராசரி நன்றாக இருந்தாலும், மழை பொய்த்த ஆண்டில் என்ன கிடைத்தது என்று கேளுங்கள். கடன் வாங்கி விதைப்பவனைக் காப்பதும் கவிழ்ப்பதும் அந்த ஆண்டுதான்.

மூன்றாவது, எதனோடு ஒப்பிட்டார்கள்? நூற்றுக்கு 25 பங்கு அதிகம் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 400 கிலோ எடுப்பவருக்கு அது 100 கிலோ. 200 கிலோ எடுப்பவருக்கு 50 கிலோதான். "குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்னும் சொல்லையும் கவனியுங்கள். இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதே அதன் பொருள். வேறுபாடு பெரியது என்பதன்று.

நான்காவது, எந்த அளவையில் சொல்கிறார்கள்? ஆராய்ச்சியாளர் ஹெக்டேரில் எழுதுவார். நாம் ஏக்கரில் எண்ணுவோம். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய 2.47 ஏக்கர். ஹெக்டேருக்கு 1,000 கிலோ என்றால் ஏக்கருக்குச் சுமார் 405 கிலோ.

ஐந்தாவது, செலவு போக மிஞ்சுவது என்ன? விதை, கூலி, உரம் யாவற்றையும் கழித்துப் பாருங்கள். தானியத்தை மட்டும் கணக்கிட்டார்களா, தட்டையையும் சேர்த்தார்களா என்றும் பாருங்கள். மாடு வைத்திருப்பவருக்குத் தட்டையும் வருமானமே.

செய்முறையில் ஒரு சொல்லும் விடுபடலாகாது. ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைக் கரைத்து, கிலோ விதைக்கு 350 மில்லிலிட்டர் கரைசல் வீதம் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும் என்பது பரிந்துரை. "நிழலில்" என்ற சொல்லை மறந்து கடும் வெயிலில் காயப்போட்டால் விதையின் முளைப்பு கெடும்.

இதில் பஞ்சாயத்துக்கு உள்ள கடமை என்ன? சுருக்கம் வந்ததும் அதனைக் கிராம சபையில் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். மேற்கூறிய ஐந்து கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவற்றை எழுதிவைத்து, வேளாண்மை அலுவலரிடமும் ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்டுப் பெறுங்கள். பிறகு, விருப்பமுள்ள இரண்டு மூன்று உழவர்கள் தம் நிலத்தில் ஒரு பகுதியில் மட்டும் புதிய முறையையும், அதை ஒட்டிய பகுதியில் பழைய முறையையும் கையாளட்டும். இருபுறமும் ஒரே ரகம், ஒரே உரம் இருக்கட்டும். முழு நிலத்தையும் முதல் ஆண்டிலேயே பணயம் வைக்க வேண்டாம்.

விதைத்த நாள், மழை பெய்த நாள், முளைத்த நாள், செலவு, தானியம், தட்டை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மூன்று ஆண்டுகள் எழுதினால், அது உங்கள் ஊருக்கே உரிய ஆராய்ச்சிச் சுருக்கமாக அமையும். அதன் பிரதி ஒன்றை ஆராய்ச்சி நிலையத்துக்கும் அனுப்புங்கள். நிலையத்தில் கண்ட முடிவு நம் நிலத்தில் எப்படிப் பலித்தது என்பதை அவர்களும் அறிய வேண்டும்.

நம் பாட்டனார் மேகத்தையும் காற்றையும் மண்ணையும் பார்த்து விதைத்தார்கள். அந்த அறிவைக் கைவிட வேண்டியதில்லை. அதனோடு காகிதத்தையும் கேள்வி கேட்டுப் படிக்கும் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்வோம். வரும் புரட்டாசிக்கு முன்பே ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இதற்கென ஒரு கூட்டம் கூட்டுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.